சொந்தக்காரர் இல்லாத ஊர்

பேட்டை, திருநெல்வேலி
மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் உலகம்மைக்கு அப்பா எழுதுவது. பாபநாசத்தில் இருக்கிற உன் பெயர்க்காரி அம்மன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை மணிராஜும் அந்த அயர்லாந்துக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் விளக்கு முன்னால் நின்று கேட்டுக்கொள்கிறோம். தினம் வீடியோவில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, அப்பாவுக்கு இப்போது கடிதம் எழுத என்ன வந்தது என்று நீ நினைப்பாய். நீ கூப்பிட்டால் போனை யார் எடுக்கிறார்கள் என்று யோசித்துப் பார். மணி அடித்து வாய் மூடுவதற்குள் உன் அம்மா எடுத்துவிடுகிறாள், நான் அவள் தோளுக்குப் பின்னால் பாதி முகமாக நின்று தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறேன். அவளை முன்னால் வைத்துக்கொண்டு அவளைப் பற்றிப் பேச முடியுமா. பட்டறையிலிருந்து என் போனில் பேசலாம்தான், பக்கத்து லேத் சத்தத்தில் நான் கத்த வேண்டும், கத்திச் சொல்லுகிற விஷயமும் இல்லை இது. அதனால் ஞாயிற்றுக்கிழமை பட்டறையைத் திறந்து, வைண்டிங் கருகி வந்த மோட்டார் ஒன்றை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். ஒரு மோட்டார் அவசரம் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் ஊர்ச் செய்தி. ஐப்பசி கார்த்திகையில் நல்ல மழை, குறுக்குத்துறையில் மண்டபம் வரைக்கும் ஏறிய ஆறு இப்போது இறங்கிப் படிக்கட்டெல்லாம் தெரிகிறது. கல்லிடைக்குறிச்சியில் உன் மாமா பிசான நெல்லை அறுக்க மிஷினுக்குச் சொல்லிவிட்டார், இந்த வருஷம் நெல் நன்றாக இருக்கிறதாம், அவர் வாயிலிருந்து நன்றாக இருக்கிறது என்ற வார்த்தை வந்ததே பெரிசு. உன் ஸ்கூட்டியை நான்தான் அவ்வப்போது டவுன் வரை ஓட்டி வைக்கிறேன், பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாள். போன வாரம் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினேன். இருதயம் நன்றாக வேலை செய்கிறது, ஆளை மட்டும் கொஞ்சம் வேலை செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார். அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது உன் அம்மா அவர் மேஜையில் கலைந்து கிடந்த காகிதங்களை அடுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் என்னைப் பார்த்தார், நான் மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தேன்.

போன வருஷம் அம்மாவின் ஆபரேஷனுக்கு நீ வந்த லீவை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு நிறைந்து போகிறது உலகு. அத்தனை தூரம் பறந்து வந்தவள், ஒரு நாள் ஆற்றில் இறங்கிக் குளிக்கவில்லை, ஒரு தோழி வீட்டுக்குப் போகவில்லை, ஆஸ்பத்திரி வராந்தாவில் பாயை விரித்துக்கொண்டு லீவு முழுக்கக் கிடந்தாய். அம்மாவுக்குத் தலை வாரிவிட்டது நீ, கஞ்சி ஊட்டியது நீ, நர்சுகளிடம் என்ன மருந்து எதற்கு என்று கேட்டு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னது நீ. நான் செய்ததெல்லாம் டீ வாங்கி வந்ததும் அது ஆறிப்போனதும்தான். மாப்பிள்ளையும் ஒரு சொல் சொல்லாமல் உன்னை அனுப்பி வைத்தார், அந்த மனசு எல்லாருக்கும் வராது, அவரிடம் நான் சொன்னதாகச் சொல். இப்படியெல்லாம் செய்துவிட்டு, இந்த வருஷம் மறுபடியும் லீவு எடுத்து, சித்திரையில் வருகிறோம், அம்மாவை நம் நாட்டிலேயே நல்ல இடமாகப் பார்த்துக் கூட்டிப்போய் ஒரு வாரம் வைத்திருக்கவேண்டும், ஊரை அப்பா நீங்களே தேர்ந்தெடுங்கள் என்று சொன்னாயே, அன்றைக்கு நான் குளிக்கப் போகிறேன் என்று எழுந்து போனது குளிப்பதற்கு இல்லை. என் கண்ணை உன் அம்மா பார்த்துவிடக் கூடாது என்றுதான்.

ஆனால் நீ என் தலையில் வைத்த வேலை லேசுப்பட்டது இல்லை. நீ ஊர் ஊராகப் படம் அனுப்பிவிடுகிறாய், மலையும் கடலும் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. நம் ஆட்கள் ஊருக்குப் போகிற விதம் உனக்கு மறந்துவிட்டதா என்ன. ஒரு ஊரில் நம் சொந்தக்காரர் ஒருவர் இருந்துவிட்டால் அந்த ஊரில் நாம் லாட்ஜில் தங்க முடியாது. தங்கினால் நாங்கள் செத்தா போனோம் என்று கேட்பார்கள், கேட்டுவிட்டு அடுத்த கல்யாணத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர்கள் வீட்டில் தங்கினாலோ வெறுங்கையோடு போகக்கூடாது. அல்வா கடையில் வாங்கிவிடலாம், அப்பளம், வடகம், மாவடு, சாம்பார்ப்பொடி எல்லாம் உன் அம்மா கையால் போக வேண்டும், அதற்கே அவள் புறப்படுவதற்கு முன்னால் நாள்கணக்காக வெயிலில் நிற்பாள். போய்ச் சேர்ந்ததும் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். தங்கத்தாய் வந்துவிட்டாள், அவள் கையால் ஒரு தீயல் வைக்கச் சொல்லுங்கள் என்று யாராவது ஆரம்பிப்பார்கள். இவளும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுவாள், திரும்ப ரயில் ஏறும்போதுதான் வெளியே வருவாள்.

நான் சும்மா சொல்லவில்லை. நீ போன பிறகு ஓய்வாக இருக்கட்டும் என்று அவளைக் கல்லிடைக்குறிச்சியில் உன் மாமா வீட்டில் கொண்டுபோய் விட்டேன் இல்லையா, பார்த்துவிட்டு வரலாம் என்று சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் போனேன். அங்கே உன் மாமியும் பக்கத்து வீட்டுப் பெண்களும் வட்டமாக உட்கார்ந்து அப்பளம் இட்டுக்கொண்டிருக்கிறார்கள், நடுவில் உன் அம்மா, ஆபரேஷன் முடிந்து வந்தவள், மற்ற எல்லாரையும்விட வேகமாகக் குழவியை உருட்டிக்கொண்டிருக்கிறாள். என்ன இது என்று கேட்டால், சும்மா இருந்தால் கை உளைகிறது என்கிறாள். யாரும் அவளை வேலை செய்யச் சொல்லவில்லை, உன் மாமி பாவம், தடுத்துத் தடுத்துப் பார்த்து ஓய்ந்துபோயிருக்கிறாள். சொந்தக்காரர் முகத்தைப் பார்த்தால் இவள் கை தானாக வேலையைத் தேடுகிறது, அதுதான் சங்கதி. அன்றைக்கே முடிவு செய்தேன், சித்திரையில் நாம் போகிற ஊரில் நமக்கு ஒரு ஈ காக்கை கூடச் சொந்தமாக இருக்கக்கூடாது.

உன் அம்மாவிடமும் பைய விசாரித்துப் பார்த்தேன். எங்கே போக ஆசை என்று நேரடியாகக் கேட்டால் எல்லாரும் எங்கே சொல்கிறீர்களோ அங்கே என்பாள், அதனால் எப்படிப்பட்ட ஊராக இருந்தால் நல்லது என்று கேட்டேன். நல்ல குளிர் ஊராக இருக்க வேண்டும், போர்வைக்குள் கிடக்க வேண்டும், காலையில் யாரும் வந்து எழுப்பக்கூடாது என்றாள். சொல்லிவிட்டு உடனே வெட்கப்பட்டுக்கொண்டு, சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன் என்றாள். இத்தனை வருஷத்தில் தனக்கென்று அவள் கேட்டது இது ஒன்றுதான். அதுவும் தூக்கம்.

குளிர் ஊர் என்றதும் நீ முதலில் அனுப்பிய குன்னூர்தான் எனக்கும் மனசில் வந்தது. ஆனால் அங்கே உன் அத்தை முத்துராணி இருக்கிறாளே. மற்றவர்கள் கோபித்தாலும் சமாளிக்கலாம், என் தங்கச்சி கோபித்தால் முடியுமா. அவள் மகன் காதுகுத்துக்குப் போய்விட்டு, பட்டறையில் வேலை கிடக்கிறது என்று அன்றைக்கே திரும்பிவிட்டோம், அதற்கு ஒரு வருஷம் என்னோடு பேசாமல் இருந்தவள் அவள். அதனால் குன்னூரைத் தள்ளினேன், ஊட்டி பக்கத்திலேயே இருக்கிறது, அதையும் தள்ளினேன். அடுத்தது நீ சொன்ன மடிக்கேரி. அங்கே நம் ஆட்கள் யாரும் இருக்கிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை. இந்த இடத்தில்தான் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். நாங்குநேரியில் ஒரு கல்யாணம், அங்கே உன் பெரியப்பா பலவேசம் அண்ணாச்சி வந்திருந்தார். நம் வகையறாவில் எந்தக் கல்யாணம் என்றாலும் பத்திரிகை கொண்டுபோய்க் கொடுக்கிறவர் அவர்தான், யார் எந்த ஊரில் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாதது கிடையாது. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, மடிக்கேரியில் நம்மவர்கள் யாரும் உண்டா அண்ணாச்சி என்று மெல்லக் கேட்டேன். இல்லை என்று சொல்வார், சந்தோஷமாக எழுந்து வரலாம் என்பது என் கணக்கு.

ஏன் இல்லை என்றார் அண்ணாச்சி. அவர் மருமகன் முறையில் ஒரு பையன் அங்கே பேக்கரி வைத்திருக்கிறானாம். சரி, கோவாவில் என்றேன். வாஸ்கோ துறைமுகத்தில் நம் கோபாலசமுத்திரத்துக்காரர் ஒருவர் கிரேன் ஓட்டுகிறார், உனக்குச் சித்தப்பா முறை என்றார். எனக்குப் பாயசம் இறங்கவில்லை. சிம்லா என்றேன், அங்கே பட்டாளத்தில் ஒருத்தன் இருக்கிறானாம். காஷ்மீர் என்றேன், அங்கே ரெண்டு பேர் இருக்கிறார்களாம், அதில் ஒருத்தன் போன தையில்தான் பெண்டாட்டியையும் கூட்டிப்போய்க் குவார்ட்டர்ஸில் வைத்திருக்கிறானாம், அந்தப் பெண் மாசமாக இருக்கிறாளாம், தங்கத்தாய் மாதிரி ஒரு ஆள் வந்தால் எவ்வளவு உதவி என்று அண்ணாச்சியே வேறு சொல்கிறார். முதலில் குன்னூரைத்தான் நினைத்தோம், முத்துராணி இருக்கிறாள் என்று தள்ளினோம் என்பதையும் அவரிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நான் இலையை மூடுவதற்குள் அவர் கை கழுவிவிட்டு வந்து போனை எடுத்துவிட்டார். அன்று சாயங்காலத்துக்குள் பேக்கரிக்காரன் என்னைக் கூப்பிட்டு, மாமா வாரீகளாமே, மாடியில ரூம் காலியாத்தான் கெடக்கு என்கிறான். கிரேன் ஓட்டுகிறவர் மீன் சாப்பிடுவீர்களா என்று விசாரிக்கிறார். சொந்தக்காரர் இல்லாத ஊரைத் தேடிப் போனவன், அத்தனை ஊர்ச் சொந்தக்காரர்களுக்கும் நானே தகவல் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். உன் அம்மா வேறு இதையெல்லாம் கேட்டுவிட்டு, பாவம் அத்தனை பேரும் ஆசையாகக் கூப்பிடுகிறார்கள், அந்த மாசமாக இருக்கிற பிள்ளையைத்தான் பார்த்துவிட்டு வருவோமே என்று ஆரம்பித்துவிட்டாள். பேசாமல் பயணமே வேண்டாம் என்று உனக்குச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் பட்டறைக்கு வந்து உட்கார்கிறேன், முத்துராணி போன் வருகிறது. விஷயம் குன்னூருக்கும் போய்விட்டது என்று புரிந்தது. எடுத்ததும் கேட்டாள், எண்ணே, குன்னூருக்குத்தான் மொதல்ல வாரதா இருந்து, நான் இருக்கேன்னு வேண்டாம்னு வச்சீகளாமே, நெசமா என்று. உனக்குச் சங்கடம் கொடுக்க வேண்டாம் என்று என்னவோ உளறினேன். பிறகு, நடப்பது நடக்கட்டும் என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன், உன் மதினிக்கு உடம்பு சரியில்லாமல் போனது, டாக்டர் சொன்னது, கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இட்டது, போர்வைக்குள் கிடக்க வேண்டும் என்று அவள் சொன்னது எல்லாவற்றையும். முழுவதும் கேட்டுவிட்டுப் பேசினாள். அவள் பேசினதை அப்படியே எழுதுகிறேன், என் வார்த்தையில் சொன்னால் பாதிதான் வரும்.

"எண்ணே, மதினி எங்க வீட்டுக்கு எத்தனையோ மட்டம் வந்திருக்கா. சின்னவன் பொறந்தப்ப வந்து எனக்குப் பேறு பாத்தா. நான் வவுத்துல ஆபரேசன் பண்ணிக் கெடந்தப்ப வந்து எல்லாம் அள்ளிப் போட்டா. புது வீட்டுப் பால்காய்ப்புக்கு வந்து அத்தன பேருக்கும் ஆக்கிப் போட்டா. எங்க வீட்டு முன் ஜன்னலத் தொறந்தா மலை முழுசும் தெரியும், ஊர் உலகத்துல இருந்து அதப் பாக்கத்தான் இங்கன வாராக. மதினி ஒரு மட்டங்கூட அந்த ஜன்னல்கிட்ட நின்னு நான் பாக்கலண்ணே. அவ பாத்ததெல்லாம் எங்க வீட்டு அடுப்படிச் செவருதான்."

அவளே தொடர்ந்தாள். குன்னூருக்குத்தான் வர வேண்டும், ஆனால் என் வீட்டுக்கு வரக்கூடாது என்றாள். நல்ல லாட்ஜாகப் பார்த்து, மலை தெரிகிற அறையாக எடுங்கள், மதினியை என் வீட்டுப் படி ஏற விடமாட்டேன், நான்தான் தினமும் அங்கே வருவேன், வாய்க்கு ருசியாக ஆக்கித் தூக்குச்சட்டியில் கொண்டுவருவேன், அவள் சாப்பிட்ட தட்டையும் நானே கழுவுவேன் என்றாள். யாராவது ஏன் தங்கச்சி வீடு இருக்க லாட்ஜில் தங்கினீர்கள் என்று கேட்டால் என்னிடம் அனுப்புங்கள், நான் பேசிக்கொள்கிறேன் என்றாள். மடிக்கேரிக்காரன் முதல் பட்டாளத்துக்காரன் வரை எல்லாருக்கும் அவளே போன் போட்டு, அண்ணன் குன்னூருக்கு வருகிறார் என்று சொல்லி முடித்தும்விட்டாள். மதினியை ஒரு வாரம் உட்கார வைத்துச் சோறு போட எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று கடைசியில் அழுதாள். எதற்கெடுத்தாலும் கோபிக்கிறவள் என்று இவளைப் பற்றி எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், இவள் மனசுக்குள் இத்தனை இருந்திருக்கிறது. இப்படி ஒரு தங்கச்சியும் உன்னைப் போல ஒரு மகளும் கிடைக்க நான் என்ன செய்தேன் என்று தெரியவில்லை, கடவுள் கொடுத்திருக்கிறார், வாங்கிக்கொள்கிறேன்.

ஆக, ஊர் குன்னூர் என்று முடிவாகிவிட்டது, அதை மட்டும் அம்மா உனக்குப் போனில் சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முத்துராணி சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன், ஜன்னலைப் பற்றிச் சொன்னபோது அவள் கை நின்றுவிட்டது. சந்தோஷப்படுவாள் என்று நான் காத்திருக்கிறேன், அவள் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள், "அப்பம் அங்கன நான் என்ன செய்ய?" வேடிக்கைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். பள்ளிக்கூடத்துக்கு முதல்நாள் போகிற பிள்ளை முகம் மாதிரி இருந்தது அவள் முகம். ஒன்றும் செய்ய வேண்டாம், அதற்குத்தான் போகிறோம் என்றேன். அவள் அரிசியைக் களையப் போய்விட்டாள்.

இன்று காலையில் நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. நான் எழுந்து வந்து பார்க்கிறேன், அடுப்படியில் விளக்கு எரியவில்லை. உடம்புக்கு ஏதோ என்று ஓடிப்போய்ப் பார்த்தால், கூடத்தில் என் சாய்வு நாற்காலியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மாசி மாதம், பேட்டையில், போர்வை. என்ன தங்கம், என்ன செய்கிறது என்று கேட்டேன். "ஒண்ணும் செய்யல. அங்கன போயி சும்மா இருக்கணும்லா, இப்பவே பழகிப் பாக்கேன். ஒரு வாய் காப்பி போட்டுத் தாங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் அவள் காப்பி கேட்டதில்லை. நான் அடுப்படிக்குள் போய் டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்து, பாலைப் பொங்கவிட்டு, ஒரு வழியாகப் போட்டு எடுத்து வந்தேன். பால் பொங்கின சத்தம் கேட்டு அவள் பாதி எழுந்துவிட்டாள், உட்கார் என்றேன், உட்கார்ந்துவிட்டாள். காப்பி வாயில் வைக்க முடியாது, நான் குடித்துப் பார்த்தேன், சீனிக்குப் பதில் என்ன போட்டேனோ தெரியவில்லை. அவள் முகத்தைச் சுளிக்காமல் முழுவதும் குடித்தாள். குடித்துவிட்டு டம்ளரைக் கழுவ எடுத்துப் போகவில்லை உலகு, என் கையில் கொடுத்தாள். நான் வாங்கிக்கொண்டேன்.

இதெல்லாம் உன்னால் நடந்தது. நீ ஒரு வார்த்தை கேட்டிருக்காவிட்டால் நான் இந்த வயசில் அவளுக்கு ஒரு காப்பி போட்டிருப்பேனா, நீயே சொல். நீயும் ராத்திரி டியூட்டியைத் தொடர்ந்து ஒத்துக்கொள்ளாதே, நேரத்துக்குச் சாப்பிடு, சளி பிடித்தால் வேலைக்குப் போகாதே, வீட்டு வேலையை மாப்பிள்ளையும் நீயும் பகிர்ந்துகொள்ளுங்கள், அவருக்குக் காப்பி போடத் தெரியாவிட்டால் என்னை மாதிரி ஆவதற்குள் இப்போதே பழக்கிவிடு. உங்கள் இருவருக்கும் உலகம்மையும் பாபநாச நாதரும் ஒரு குறையும் வைக்காமல் நீண்ட ஆயுளும் நல்ல உடம்பும் கொடுக்க வேண்டும் என்று மனசார வாழ்த்துகிறேன். பயணத்துக்கு வேண்டியதைப் பைய எடுத்து வையுங்கள், வரும்போது எங்களுக்கென்று ஒன்றும் சுமந்து வர வேண்டாம்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நேற்று ராத்திரி குன்னூரில் ஒரு வீட்டின் படம் அனுப்பி, அம்மாவுக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, இங்கே கேஸ் அடுப்பு, மிக்சி, பாத்திரம் எல்லாம் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். நல்ல எண்ணத்தில்தான் பார்த்திருக்கிறாய், ஆனால் அதை வேண்டாம் என்று சொல்லிவிடு. ஜன்னல் பெரிதாக இருக்கட்டும். அடுப்பு இல்லாத அறையாகப் பார்த்து எடு.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அப்பா,
சு. இசக்கிதுரை